தலையணையில் வந்த பிள்ளை

திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருளாயி தன் மகளைத் தலையணையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்து வயதுப் பிள்ளையை யாராவது தலையணையில் தூக்குவார்களா? "இறக்கி விடு, நடக்கட்டும்" என்று அதட்டினேன். நான் அப்படித்தான். 1937-இல் மதுரை மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் சகாயமேரி என்றால் பெரிய டாக்டர்களே வழிவிடுவார்கள்.

"அழுத்திப் புடிச்சா தோலு கையோட வந்துரும் நர்சம்மா. இதுவரைக்கும் இடுப்புல வச்சதில்ல" என்றாள் இருளாயி. தலையணையோடு அப்படியே கட்டிலில் கிடத்தச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை அன்னக்கொடிக்குப் பிறவியிலேயே தோல் நோய். லேசாக உரசினால் கொப்புளம். கொப்புளம் உடைந்தால் புண். புண் ஆறி ஆறி, விரல்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டன. நோய்க்கு மருந்து இல்லை, வலது கை விரல்களைப் பிரித்து மட்டும் விடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் தினமும் ஒழுங்காகக் கட்டுப் போடாவிட்டால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளுமாம்.

"பிரிச்சு விடுங்கம்மா" என்றாள் இருளாயி. "திருவிழாவுல எல்லாப் பிள்ளையும் ஆத்தா விரலைப் புடிச்சுக்கிட்டு நடக்குது. எம்புள்ள ஒரு தடவ என் விரலைப் புடிக்கணும். அம்புட்டுத்தான் என் ஆசை."

குளோரோபார்ம் துணி முகத்தில் படாமல் தூக்கிப் பிடித்தபடிதான் ஆபரேஷன் நடந்தது. பிளாஸ்திரி ஒட்டினால் உரிக்கும்போது தோலும் உரியும் என்பதால் அதை அந்த அறைக்குள்ளேயே நான் விடவில்லை. வாழைக்குருத்தை வெந்நீரில் வாட்டி, வாசலைன் தடவி, ஒவ்வொரு விரலுக்கும் நடுவில் வைத்தோம். மேலே பழைய வேட்டித் துணி. அவிழ்க்கும்போது எதையும் இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கையை ஊறவைத்து, இலை தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். அப்படியும் பிள்ளை அலறும்.

"நீ கத்துக்கோ, ஊருக்குப் போனால் நீதானே கட்டவேண்டும்" என்றேன். இருளாயி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வலிக்கிறத நீங்க செய்யுங்க நர்சம்மா. என் கையக் கண்டு புள்ள பயந்துரக் கூடாது."

"அப்ப நான் தினமும் உன் ஊருக்கு வரவா? கை ஒட்டிப்போனாலும் போகட்டும், பிள்ளை உன் மேல் பிரியமாக இருக்கட்டும், அதுதான் வேணுமா?" என்று கத்திவிட்டேன்.

அவள் வந்து உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள்தான் கட்டினாள். அவள் பயந்தபடியே நடந்தது. ஆத்தா பக்கத்தில் வந்தாலே அன்னக்கொடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நர்சம்மா வரட்டும்" என்பாள். என்னைத் தேடும் பிள்ளையைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இருளாயி வராந்தாவில் போய் நின்று, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் காலையில் கை ஊறிக்கொண்டிருந்தபோது, இலைகள் தாமாகவே கழன்று தண்ணீரில் மிதந்தன. ரத்தம் இல்லை. பிள்ளை அலறவும் இல்லை. சிவந்த ஐந்து விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அன்னக்கொடி அவற்றை அசைத்து அசைத்துப் பார்த்தாள். இருளாயியின் கை பக்கத்திலேயே தண்ணீருக்குள் இருந்தது. அன்னக்கொடி அதன் சுண்டுவிரலைச் சுற்றித் தன் விரல்களை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

"ஆத்தா, புடிச்சுட்டேன்!"

இருளாயி பிள்ளையின் பக்கம் குனிந்தாள். கை மட்டும் அசையவில்லை.

"நீயும் புடி ஆத்தா."

இருளாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை பிடித்துக்கொள்ளட்டுமா என்று அந்தக் கண்கள் கெஞ்சின. லேசாக அழுத்தினாலும் அந்தப் புதுத் தோல் உரிந்துவிடும். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தேன்.

"நீ புடிச்சுக்க தாயி" என்றாள் இருளாயி, விரித்த கையை மூடாமலே. "ஆத்தா எங்கயும் போக மாட்டேன்."