துப்பறிபவர் யோசிக்கிறார்

அந்தத் துப்பறியும் அதிகாரிக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது. கொலை நடந்தால் யோசிப்பார். நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று யோசிப்பார். துரத்துவது, சுடுவது, மாடியிலிருந்து குதிப்பது, மூச்! சமையலறை மேசைமுன் உட்கார்ந்து, எதிரே இருக்கும் மனைவியிடம், தான் யோசிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். அதுவும் ஆங்கிலத்தில். யோசிப்பதற்கு மட்டும் அந்த மொழிக்காரர்கள் எத்தனை வார்த்தை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் நமக்குக் கிறுகிறுத்துவிடும். பான்டர் என்பார்கள், மல் என்பார்கள். மாடு மாதிரி மென்று யோசிக்கிறேன் என்பார்கள், தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு யோசிக்கிறேன் என்பார்கள், தூங்கி எழுந்து யோசிக்கிறேன் என்பார்கள். காசு தருகிறேன், மனதில் இருப்பதைச் சொல் என்று பேரம்கூடப் பேசுவார்கள்.

இந்த மனுஷரைத் தமிழில் பேசவைக்கிற பாரம் டீச்சரின் தலையில் விழுந்தது.

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. முன்பு ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். அதை விட்டுவிட்டு அண்ணியின் டப்பிங் ஸ்டுடியோவுக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டாலும், எல்லாருடைய உச்சரிப்பையும் திருத்துகிற வியாதி போகவில்லை. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்டுடியோவில் அவளுடைய வேலை உதடு பார்ப்பது. திரையில் இருக்கிறவர் எங்கே வாயை மூடுகிறார் என்று பார்த்து வசனத்தாளில் குறிக்க வேண்டும். அந்த இடத்தில் தமிழில் ஒரு 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். விழாவிட்டால் வாய் மூடியிருக்கும், குரல் மட்டும் வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

உதடு பார்த்தது போதும், எழுத வேண்டும் என்று அவளுக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக எழுதுகிறவர் வேறு வேலையில் மாட்டிக்கொண்டு இந்த வாரம் கைவிரித்துவிட, அண்ணி வேறு வழியில்லாமல் மாதிரிக் காட்சியை இவளிடம் கொடுத்தாள்.

"நாளைக்கு மத்தியானம் சேனல்காரங்க மேடம் வராங்க. இந்த ஒரு சீன் அவங்களுக்குப் பிடிச்சுதுன்னா மொத்தத் தொடரும் நமக்கு. எழுத்துன்னு உன் பேரு திரையில வரும். பிடிக்கலேன்னா தொடர் அடுத்த ஸ்டுடியோவுக்குப் போயிடும், நீ பழையபடி உதடு பாக்க வேண்டியதுதான். புரியுதா?"

"நல்லாவே புரியுது அண்ணி."

புரிந்த லட்சணத்தைக் கேளுங்கள். இத்தனை வருஷம் அடுத்தவர் எழுதியதில் உதட்டை மட்டுமே பார்த்தவள், தன் கையில் பேனா வந்ததும் உதட்டைச் சுத்தமாக மறந்துபோனாள்! அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆங்கில வார்த்தைக்கும் தனித்தனியாகச் செந்தமிழில் ஒரு வார்த்தை பிடித்தாள். ஒன்றுக்கு ஆழ்ந்து சிந்தித்தல், இன்னொன்றுக்குப் பரிசீலித்தல், மற்றொன்றுக்கு மீளாய்வு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே புல்லரித்தது.

ஒலிப்பதிவு அறைக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எல்லாரும் 'தொண்டை' என்று கூப்பிடுகிறவர் நின்றார். அவருக்கும் நிஜப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் அந்தக் கனத்த குரலைக் கேட்டபிறகு யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எத்தனையோ கதாநாயகர்களுக்குக் குரல் கொடுத்தவர். திரையில் அதிகாரியின் முகம் முழுசாக வந்தது. தொண்டை ஆரம்பித்தார்.

"இதனை நான் ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருக்..."

அதிகாரி எப்போதோ பேசி முடித்துக் காப்பியைக் குடிக்க ஆரம்பித்திருந்தார்.

"டீச்சரம்மா, அவன் காப்பியே குடிச்சு முடிக்கப்போறான். நான் இன்னும் 'கொண்டிருக்'லயே நிக்கிறேன்!"

"கொஞ்சம் வேகமா சொல்லிப் பாருங்கண்ணே."

வேகமாகச் சொன்னார். ஏலம் விடுகிற மாதிரி இருந்தது. மெதுவாகச் சொன்னால் வாய் நின்ற பிறகும் குரல் ஓடியது. போதாக்குறைக்கு அந்த மனுஷர் வழுவழுவென்று சவரம் செய்த முகம். ஒரு மீசை இருந்திருந்தால் பாதி வாயையாவது மறைத்திருக்கும்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. "இவன் பொண்டாட்டிகிட்ட பேசறானா, இல்ல அரசாங்க அறிவிப்பு படிக்கிறானா? போதும், நிறுத்துங்க. நாளைக்குக் காலைல வேற எழுதிட்டு வா. அதுவும் இப்படித்தான்னா நான் அவர் கைல கால்ல விழுந்தாவது பழைய ஆளையே கூட்டிட்டு வந்துடுவேன்."

டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவளுடைய கணவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கையில் இருந்த கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். லிப்ட் பழுது பார்க்கிறவர். மகள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். டீச்சர் காட்சியைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டாள். அந்த ஆங்கிலக் குரலைக் கேட்கவே பிடிக்காமல் சத்தத்தை மட்டும் அணைத்துவைத்தாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யாரும்மா இது? கப்பலே கவுந்த மாதிரி உக்காந்திருக்காரு?" என்றார் கணவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே.

"துப்பறியறவர். யோசிக்கிறார்."

"இவரா? பொண்டாட்டி சொன்னத வாங்காம வந்துட்டு முழிக்கிற மாதிரி இருக்காரு." அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அதிகாரி வாயைத் திறக்கிற நேரம் பார்த்துக் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "பாலு வாங்கல... பழம் வாங்கல... மறந்தே போச்சும்மா!"

திரையில் மனைவி வாயைத் திறந்தாள். மகள் துள்ளி எழுந்து, "போங்க! போய் வாங்கிட்டு வாங்க!" என்றாள். அப்பாவும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. "என் பொழப்பு உங்களுக்குச் சிரிப்பா இருக்கா? நாளைக்கு என் மானம் போகப்போகுது, இங்க கூத்தடிக்கிறீங்க!"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுடைய கண் திரையை விட்டு நகரவில்லை. "இருங்க, இருங்க. மறுபடி அதையே சொல்லுங்க" என்றாள். கணவர் பயந்துகொண்டே சொன்னார். பால், பழம், மறந்தே போச்சு. அச்சு அசலாக ஒட்டிக்கொண்டது! ஒவ்வொரு 'ப'வுக்கும் அதிகாரி வாயை மூடினார், 'ம'வுக்கும் மூடினார். அதைவிட, அவர் முகத்தில் இருந்த அசட்டுக் களையும் அந்த வார்த்தைக்குப் பொருந்தியது. அவள் மாங்கு மாங்கென்று அகராதி பார்த்து எழுதியதைவிட, சோப்பு வாசனையோடு நிற்கிற இந்த மனுஷர் விளையாட்டுக்குச் சொன்னது அந்த வாயில் உட்கார்ந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"ஏங்க, லிப்ட் ஏன் நிக்குதுன்னு தெரியாதப்போ நீங்க என்ன சொல்வீங்க? சிந்திக்கிறேன்னா சொல்வீங்க?"

"நான் ஏன் சிந்திக்கப்போறேன்? மண்டையப் பிச்சுக்கறேன்னுதான் சொல்வேன். இன்னைக்கு முழுக்க அதான் பண்ணினேன்."

டீச்சர் எழுதியதைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அகராதியை மூடி அலமாரிக்கு மேலே தூக்கிவைத்தாள். வேலை அதன்பிறகு தண்ணீர் மாதிரி ஓடியது. மென்று யோசிக்கிற இடத்தில் 'அசை போடறேன்' வந்து உட்கார்ந்தது. 'மல்' என்று வாயை மூடித் தொடங்குகிற இடத்தில் 'மனசுல ஊறட்டும்'. தொப்பி மாட்டிக்கொள்கிற இடத்தில் 'மூளையக் கசக்கணும் போல'. மனைவி காசு தருகிறேன் என்று பேரம் பேசுகிற இடத்தில் 'மனசுல என்ன ஓடுது?' தூங்கி எழுந்து சொல்கிறேன் என்பதற்கு 'விடியட்டும், பாப்போம்'. நம்மிடம் என்ன குறைச்சல்? வீட்டில் நாள் முழுக்க வாய்க்கு வாய் புரள்கிற சரக்கை விட்டுவிட்டு எங்கேயோ தேடியிருக்கிறாளே!

ஒரே ஓர் இடம்தான் இழுத்தடித்தது. குற்றவாளி வீட்டுக்கு இப்போதே போகலாமா வேண்டாமா என்று அதிகாரி தடுமாறுகிற இடம். தனக்கு இரண்டு மனது என்று ஆங்கிலத்தில் சொல்வார். 'ரெண்டு மனசா இருக்கு' என்று எழுதினாள். அர்த்தம் கச்சிதம். ஆனால் அவர் அதை இழுத்து, நடுவில் நிறுத்தி, திரும்பத் திரும்ப வாயை மூடிச் சொல்கிறார். தமிழ் ஒரே மூச்சில் முடிந்துபோகிறது. அதற்கு மேல் என்ன போட்டாலும் ஒட்டவில்லை.

காலையில் தொண்டை புது வசனத்தைப் படித்துவிட்டு, "அட, இது மனுஷன் பேசற மாதிரி இருக்கே!" என்றார். பேசத் தொடங்கியதும் அறையே மாறிப்போனது. மனைவிக்குக் குரல் கொடுத்த பெண்ணும் சொந்த வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினாள். அண்ணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு வரி மட்டும் ஓட்டையாகவே நின்றது. அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

சேனல் மேடம் கையில் ஆங்கில வசனத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கறார் பேர்வழி என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. காட்சி ஓடியது. மேடம் சிரிக்கவில்லை, தலையை ஆட்டவில்லை. டீச்சர் தன் கையில் இருந்த வசனத்தாளைச் சுருட்டிச் சுருட்டிக் குழலாக்கிவிட்டாள்.

"இங்கிலீஷ்ல அந்தம்மா காசு தரேன்னு சொல்றாங்க. தமிழ்ல காசு எங்க போச்சு?"

"மேடம், நம்ம வீட்ல புருஷன் யோசனையா இருந்தா யாராவது காசு நீட்டுவாங்களா? மனசுல என்ன ஓடுதுன்னுதான் கேப்பாங்க. வாயும் அதே இடத்துல மூடுது, பாருங்க."

மேடம் அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். "ம்... சரிதான். ஆனா 'ரெண்டு மனசா இருக்கு'ன்னு ஒண்ணு வருதே, அங்க வாய் சும்மா ஆடுது. குரலைக் காணோம்."

கண்டுபிடித்துவிட்டார்! அண்ணி டீச்சரை முறைத்தாள். டீச்சர் மறைக்கவில்லை. "ஆமா மேடம். அந்த ஒரு இடம் இன்னும் சிக்கல. சிக்குற வரைக்கும் விடமாட்டேன்."

மேடம் வசனத்தாளை மடியில் வைத்தார். அறையில் எல்லாரும் அவருடைய வாயையே பார்த்தார்கள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "என்ன சொல்றதுன்னு தெரியல. அடுத்த ஸ்டுடியோவுல பெரிய ஆளுங்க இருக்காங்க. நீங்க புதுசு. ஆனா நல்லாவும் இருக்கு." இழுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "மனசு 'குடு'ங்குது... புத்தி 'பொறு'ங்குது."

அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் டீச்சர் அதன் அர்த்தத்தையே கேட்கவில்லை. வருஷக்கணக்காக உதடு பார்த்த கண் ஆயிற்றே! மேடத்தின் வாய் எங்கே மூடியது, எங்கே நின்றது, மறுபடி எங்கே மூடியது என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"மேடம், அப்படியே இருங்க! போயிடாதீங்க! தொண்டையண்ணே, உள்ள ஓடுங்க. 'குடு'வுக்குப் பதிலா 'போ', அவ்வளவுதான். 'மனசு போங்குது, புத்தி பொறுங்குது.' நடுவுல நிறுத்தி, பெருமூச்சு விட்டு, மேடம் சொன்ன மாதிரியே!"

"நான் என்னம்மா சொன்னேன்?" என்றார் மேடம் திகைத்துப்போய்.

தொண்டை அதற்குள் உள்ளே ஓடிவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. அதிகாரியின் முகம் திரையை அடைத்துக்கொண்டு நின்றது. தொண்டை குரலைத் தாழ்த்திச் சொன்னார். மனசு போங்குது. வாய் மூடித் திறந்தது. பெருமூச்சு. புத்தி பொறுங்குது. வாய் மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. ஒரு மயிரிழை பிசகவில்லை. எங்கோ பிறந்த அந்த மனுஷர் தமிழிலேயே பிறந்து தமிழிலேயே தடுமாறுகிற மாதிரி இருந்தது.

மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னுடைய வார்த்தை அந்த ஆளின் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு, அந்தக் கறார் முகம் உடைந்து, கையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடிப்பாவி! நான் உனக்குக் குடுக்கலாமா வேணாமான்னு திண்டாடறேன், நீ அதையும் பிடிச்சு எழுதிட்டியா?"

"நல்லா இருந்துச்சு மேடம், விட மனசு வரல."

அறை முழுக்கச் சிரிப்பு. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மொத்தத் தொடரும் உனக்குத்தான். இனி புத்தி சொல்றதை நான் கேக்கப்போறதில்ல. எழுத்துன்னு உன் பேரு தனியா வரணும்னு நானே சொல்றேன்."

அண்ணி ஓடிவந்து டீச்சரைக் கட்டிக்கொண்டாள். நேற்று அறிவிப்பு படிக்கிறான் என்று திட்டியது அண்ணிக்கும் நினைவிருந்திருக்கும், ஆனால் அதை யார் இப்போது கேட்கப்போகிறார்கள்? தொண்டை கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே விசிலடித்தார். டீச்சருக்கு நேற்று அடக்கிவைத்த அழுகை இப்போது வந்தது. இன்றைக்கு அதை அடக்க வேண்டிய அவசியமில்லை என்று தாராளமாக அழுதாள்.

மேடம் வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். "ஆனா ஒண்ணு. எல்லா எபிசோட்லயும் இந்த ஆளு யோசிச்சுக்கிட்டேதான் இருப்பான். தாங்குவியா?"

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"யோசிக்கட்டும் மேடம்! எவ்வளவு வேணும்னாலும் யோசிக்கட்டும். நம்மகிட்ட சரக்கு இருக்கு!"