பெஞ்சின் மேல் மஞ்சள் தூள்

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ்தான் எங்கள் ஊர்ப் பயிர், ஆனால் அதில் ஆண் கொடியை யாரும் வளர்ப்பதில்லை. ஒன்றே ஒன்று வேலியோரம் பூத்தாலும் போதும், அதன் தூள் காற்றில் பறந்து சுற்றியுள்ள தோட்டங்களில் எல்லாம் இறங்கும். பெண் கொடிகளின் காய்களில் விதை பிடிக்கும். விதை பிடித்த காயை வியாபாரி மோந்துகூடப் பார்க்க மாட்டான். அதனால் ஆண்டுதோறும் ஜூலை முதல் வாரத்தில், பூக்கும் நேரம் பார்த்து, ஆறு பேர் வேலி வேலியாகவும் ஓடைக்கரை ஓடைக்கரையாகவும் தேடிக்கொண்டு போவார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த ஆறு பேருக்கு நான் தலைவனாக இருந்தேன்.

பதிவேட்டில் என் பெயர் இஸிடோர் எங்கல்ஹார்ட். ஆனால் ஜெர்மனியில் எங்கள் ஹாலர்டா வட்டாரத்தில் மனிதனை அவன் வீட்டுப் பெயரால்தான் அழைப்பார்கள். நான் ரீடல். என் அப்பாவும் ரீடல், அவருடைய அப்பாவும் ரீடல். ரீடல் வீட்டு எல்லைக்குள் ஆண் கொடி இருந்தது என்று எந்தக் காலத்திலும் எவரும் சொன்னதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊர்க்காரர் அலோயிஸின் தேனீக் கொட்டகைமேல் அப்படி ஒன்று படர்ந்திருந்தது. நானே தோண்டினேன். வேரை மண்ணோடு தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாக நடந்து, எல்லோரும் பார்க்க ஊர் பீர்க்கடையின் மூலை மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அலோயிஸ் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் சாகும்வரை அங்கே வரவில்லை. செய்தது சரி என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. தேடும் ஆறு பேருக்கும் தலைவி அலோயிஸின் மகள் புர்கல். போன அறுவடையில் ஊரில் நான்கு பேருடைய காய்களில் விதை இருந்தது. ஆண் கொடி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த ஆண்டு ஒரு வீட்டையும் விடுவதில்லை என்று புர்கல் பீர்க்கடையில் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை எங்கள் தெரு.

எங்கள் வீட்டில் ஒரு கொடி இருந்தது. அதை நட்டவள் என் மருமகள் வீப்கே. ஹாம்பர்க்காரி. துணி துவைக்கும் அறையில் பெரிய பானை வைத்து பீர் காய்ச்சுகிறாள். நன்றாகவே காய்ச்சுகிறாள் என்று ஊர் சொல்கிறது, நானும் மறுப்பதில்லை. ஹாப்ஸ் நாட்டில் குடியிருந்துகொண்டு ஹாப்ஸைப் பொட்டலத்தில் வாங்குவது வெட்கக்கேடு என்று சொல்லி, மூன்று ஆண்டுகளுக்கு முன் தன் அண்ணனிடமிருந்து தயிர் டப்பாவில் ஒரு கன்று கொண்டுவந்தாள். அண்ணன் அதை விதை போட்டு வளர்த்தவன். நாங்கள் யாரும் விதை போட மாட்டோம். தெரிந்த பெண் கொடியின் வேர்த்துண்டைத்தான் நடுவோம். விதையில் முளைப்பது ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை கடவுளுக்குத்தான் தெரியும்.

அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெற்குச் சுவரோரம் இடம் காட்டினேன். கல்யாணமாகி வந்த இத்தனை ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அந்த மூன்றடி மண்.

இரண்டு ஆண்டுகள் அது இடுப்புயரத்துக்கு மேல் வளரவில்லை. இந்த ஆண்டு கூரையிலிருந்து கட்டிவிட்ட மூன்று கயிறுகளிலும் ஏறி ஓட்டு விளிம்பைத் தொட்டுவிட்டது. அக்டோபரில் வரும் தேவாலயத் திருநாளுக்கு, சொந்த ஹாப்ஸ் போட்ட பீர் இருபது லிட்டர் தருவதாக வீப்கே தீயணைப்புப் படையினரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கொடிக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் உட்காரப் போனேன். பலகை முழுவதும் மெல்லிய மஞ்சள் தூள். ஜன்னல் விளிம்பிலும் தூள். தடவிப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. அண்ணாந்து பார்த்தேன். என் கண்ணில் புரை. உச்சியில் பூ இருப்பது தெரிந்தது, என்ன பூ என்று தெரியவில்லை.

தெரியத்தான் வேண்டுமா? ஆண் பூதான் தூள் கொட்டும்.

வீப்கே வேலை முடிந்து வர நான்கு மணி ஆகும். வெள்ளிக்கிழமை ஆறு பேர் வருவார்கள். ரீடல் வீட்டு வேரை யாராவது தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. கொட்டகையிலிருந்து நீளக்கம்பு அரிவாளை எடுத்து வந்தேன். முதல் கயிற்றை மேலே அறுத்தேன். கொடி மொத்தமாகச் சரிந்து என் தோள்மேல் விழுந்தது. தண்டின் சொரசொரப்பு கழுத்தில் கோடு கிழித்தது. உதறிவிட்டு இரண்டாவது கயிற்றுக்கு அரிவாளைத் தூக்கியபோது கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

புர்கல். தனியாக வந்திருந்தாள். கையெல்லாம் மண்.

"வெள்ளிக்கிழமைதானே சொன்னே?" என்றேன்.

"ஆமா. இன்னைக்கு வேற விஷயமா வந்தேன், பெரியவரே." அவள் பார்வை அரிவாளுக்குப் போயிற்று, பிறகு கீழே கிடந்த கொடிக்கு. "அய்யய்யோ, எதுக்கு அறுத்தீங்க? மருமகளோட சண்டையா?"

யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. ரீடல் வீட்டில் பொய்யும் கிடையாது. முதுகை நிமிர்த்தி நின்றேன்.

"ஆண் கொடி, புர்கல். என் வீட்டுல. வேர் இன்னும் மண்ணுலதான் இருக்கு. தோண்டி எடுத்துட்டுப் போய் மேஜைமேல வெச்சுக்கோ. நான் வந்து அங்க உட்கார்ந்திருக்கேன்."

 அவள் குனிந்து, கீழே கிடந்த கொடியின் நுனியைத் தூக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது ஆணா? நல்லாப் பாருங்க. குட்டிக் குட்டியா பிரஷ் மாதிரி நிக்குது பாருங்க. ஆண் பூன்னா கொத்துக் கொத்தா தொங்கும். இதை எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்!"

அவ்வளவு பக்கத்தில் எனக்கும் தெரிந்தது. பெண் பூ. காயாகப் போகிற, முள்முள்ளான பச்சைக் குஞ்சங்கள்.

"அப்போ இந்தத் தூள்?" என்று பெஞ்சைக் காட்டினேன்.

புர்கல் ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். உடனே பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாவு! மால்ட் மாவு! உங்க வடக்கத்திப் பொண்ணு இங்க உட்கார்ந்துதானே முளைகட்டின பார்லி அரைப்பா? அறுபது வருஷம் ஹாப்ஸ்ல கிடந்த மனுஷன், நக்கிப் பார்க்கக்கூடத் தோணலையா?"

தோன்றவில்லை.  அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாவின் மேல்தான் உட்கார்ந்தேன், கால்சட்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை. 

புர்கல் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "நான் வந்த விஷயத்தைச் சொல்லணும். ஆண் கொடி கிடைச்சுடுச்சு."

"எங்கே?"

"எங்க வீட்டுல. அப்பாவோட தேனீக் கொட்டகைக்குப் பின்னால. அவர் இருந்த வரைக்கும் அந்த இடத்தை வருஷா வருஷம் அரிவாளால சுத்தம் பண்ணுவார். அவர் போனப்புறம் புதர் மண்டிடுச்சு, நான் அந்தப் பக்கமே போகல. இன்னைக்குக் காலைல தோண்டினேன். வேர் பழசு, பெரியவரே. ஒரு பக்கம் மண்வெட்டி வெட்டின தழும்பு இருக்கு. முப்பது வருஷத் தழும்பு."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அன்றைக்கு நான் வேரை முழுவதும் எடுக்கவில்லை. தெருவில் தூக்கிக்கொண்டு நடக்கிற அவசரத்தில் பாதியை மண்ணிலேயே விட்டிருக்கிறேன்.

"எங்க வீட்டு வேர் மறுபடியும் அந்த மேஜைக்குப் போனா என்னால தாங்க முடியாது. அதான் மத்தவங்களுக்கு முன்னால உங்ககிட்ட வந்தேன்," என்றாள். "பாதியை விட்டுட்டுப் போனது நீங்கதானேன்னு சண்டை போடத்தான் வந்தேன். நீங்க அரிவாளோட நிக்கிறதைப் பார்த்ததும் மறந்தே போச்சு."

நான்கு மணிக்கு வீப்கே வந்தபோது நாங்கள் இருவரும் அவளுடைய பீர் இரண்டு பாட்டிலைத் திறந்திருந்தோம்.

"மாமா, மூணாவது கயிறு எங்க?"

"நான்தான் அறுத்தேன். ஆண் கொடின்னு நினைச்சேன்."

அவள் வாடிக்கிடந்த கொடியைக் கையில் எடுத்தாள். முகம் சிவந்தது. "மூணு வருஷமா இந்தச் சந்தேகத்தை மனசுல வெச்சுக்கிட்டு இருந்தீங்களா? நட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா நானே வேர்த்துண்டு வாங்கி நட்டிருப்பேன். மத்த ரெண்டையும் அறுத்திருந்தீங்கன்னா நாளைக்கே ஹாம்பர்க்குக்கு ரயில் ஏறியிருப்பேன்."

"தப்புதான்," என்றேன். அந்தச் சொல்லை நான் அதிகம் பயன்படுத்தியவனில்லை. வீப்கே கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு கயிறு போதுமா இருபது லிட்டருக்கு?" என்று புர்கல் கேட்டாள்.

"போதும். கொஞ்சம் கசப்பு குறையும். மாமா கசப்பாத்தான் இருக்காரே, அவரைக் கொஞ்சம் போட்டுக்கலாம்."

வெள்ளிக்கிழமை ஆறு பேரும் தேடி முடித்துப் பீர்க்கடைக்கு வந்தபோது நான் மூலை மேஜையில் காத்திருந்தேன். புர்கல் வாய் திறப்பதற்கு முன் நானே எழுந்து சொன்னேன். அலோயிஸின் கொட்டகையில் ஆண் கொடி கிடைத்தது, அது முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் பாதி விட்டுவந்த வேர், நான்கு பேருக்கு விதை பிடித்ததில் என் பங்கும் உண்டு, அலோயிஸை நான் அவமானப்படுத்தியிருக்கக் கூடாது என்றேன்.

விதை பிடித்த நால்வரில் கெப்ஹார்டும் ஒருவன். அவன்தான் முதலில் பேசினான். "அப்போ ரீடல் வீட்டு வேலை அரை வேலைதானா?"

"அரை வேலைதான்," என்றேன்.

மேஜையே சிரித்தது. நான் எதிர்பார்த்த அளவுக்கு அது வலிக்கவில்லை. புர்கல் தன் நாற்காலியை நகர்த்தி, அவள் அப்பா உட்காரும் இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். கெப்ஹார்ட் எல்லோருக்கும் பீர் சொன்னான், எனக்கு மட்டும் அரை கிளாஸ்.

வீட்டுக்கு வந்ததும் வீப்கே கேட்டாள், "என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்றேன். அன்றைக்கு நான்கு உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட்டேன். இரண்டு நாளாக ஒன்றுகூட இறங்கியிருக்கவில்லை.