வெட்டிய பிறகுதான் எடை

முனிவேலின் பழைய இரும்புக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பில் இல்லாமல் ஒயர் வந்தால் முதலில் வெட்ட வேண்டும், பிறகுதான் எடை போட வேண்டும். கை நீளத் துண்டுகளாக வெட்டிச் சாக்கில் அள்ளிவிட்டால் அது யார் வீட்டு ஒயர் என்று யாராலும் சொல்ல முடியாது. போலீஸ் வந்தாலும் சரி, பறிகொடுத்தவனே வந்து நின்றாலும் சரி, இது என்னுடையது என்று எடுத்துக் காட்ட வழியில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, வாங்கியவனுக்கே அது யாருடையது என்று தெரியாமல் போய்விடும். இதற்குக் கடையில் 'சுத்தம் பண்றது' என்று பெயர்.

முனிவேல் கெட்டவன் இல்லை. தராசில் கை வைக்க மாட்டான். கம்பெனி ஏலத்தில் எடுக்கும் சரக்குக்கு ஜிஎஸ்டி கட்டுகிறான். ஆனால் காப்பர் விலை ஏறுகிற நாட்களில் நல்லவனுக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். அன்றைக்குக் காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கடை வைத்திருக்கும் மொத்த வியாபாரி போன் செய்து, உரித்த காப்பர் கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, இந்த விலை வாரக் கடைசி வரைக்கும் நிற்காது, இருப்பதை எல்லாம் மதியத்துக்குள் ஏற்றி அனுப்பு என்று கன்னடமும் தமிழும் கலந்து சொல்லியிருந்தான். முனிவேல் கடையைச் சுற்றிப் பார்த்தான். லோடு நிறையவில்லை.

அந்த நேரம் பார்த்து மணி ஆட்டோவில் வந்து இறங்கினான். சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்து நிறுத்தப்பட்டவன், அவ்வப்போது எதையாவது கொண்டு வருவான். ஆட்டோவின் பின்சீட்டில் கறுப்புத் தட்டை ஒயர், மோட்டாருக்குப் போடுகிற மூன்று கம்பி ஒயர், சுருட்டிக் கிடந்தது.

"எங்க புடிச்சே?" என்று கேட்டான் முனிவேல்.

"சைட்ல மீந்துதுண்ணா."

கட்டடம் கட்டுகிற இடத்தில் மீந்த ஒயரில் செம்மண்ணும் காய்ந்த புல்லும் ஏன் ஒட்டியிருக்கிறது என்று முனிவேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வாங்க முடியாது.

"கிலோவுக்கு நூத்தி எண்பதுதான் போடுவேன்."

ஒழுங்கான ஒயராக இருந்தால் தோலோடு சேர்த்தே அதற்கு இரண்டு மடங்கு கிடைக்கும். மணிக்கும் அது தெரியும். தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றான்.

கடையில் வேலை செய்யும் திம்மப்பன் கட்டரை எடுத்து வெட்ட ஆரம்பித்தான். நடுவில் ஒரு இடத்தில் கட்டர் இறங்கவில்லை. ஒயர் அங்கே முட்டையாகப் புடைத்திருந்தது. யாரோ ஒட்டுப்போட்டு, சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்மேல் எம்சீல் பசையைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். பூசியவனின் கட்டைவிரல் ரேகைகூட அதில் காய்ந்திருந்தது.

"யாரோ ரைதரு ஒயரு இது, அண்ணா," என்றான் திம்மப்பன். விவசாயியை அவன் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வான்.

"பேசாம வெட்டு," என்றான் முனிவேல். திம்மப்பன் தயங்கியதைப் பார்த்துத் தானே கட்டரை வாங்கி ஒட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி, அந்த ஒட்டுத் துண்டைக் குப்பைப் பக்கம் எறிந்தான். மணிக்குப் பணம் கொடுத்து அனுப்பியாயிற்று. டீ குடிக்கும்போது முனிவேலுக்கு அந்த ஒயரின் நினைவே இல்லை.

வாடகை லாரியில் லோடு ஏறிக்கொண்டிருக்கும்போது ஆஞ்சப்பன் மொபெட்டில் வந்தான்.

ஆஞ்சப்பனும் முனிவேலும் கெலமங்கலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆஞ்சப்பனின் மனைவி ரங்கம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண் யாரும் கிடையாது. முனிவேலுக்கும் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆஞ்சப்பன் மகள் சுசித்ராவுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைக்கத் தாய்மாமன் இல்லையே என்று ரங்கம்மா கண் கலங்க, முனிவேல் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவன் அந்த வீட்டுக்கு அண்ணன். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் புடவை எடுத்துக்கொண்டு போவான். அவன் போகிற வரைக்கும் அந்த வீட்டில் பொங்கல் பானையை இறக்க மாட்டார்கள். உலகத்தில் அவனுக்காகக் காத்திருந்து சாப்பிடுகிற வீடு அது ஒன்றுதான்.

ஆஞ்சப்பன் வண்டியை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, சுவரில் சாய்த்துவிட்டு வந்தான்.

"மோட்டார் ஒயர அறுத்துகினு பூட்டானுங்கடா."

முனிவேலுக்கு முதலில் உறைக்கவில்லை. "எப்போ?"

"வெடியக்காலம் போயி பாத்தா ஸ்டார்ட்டர் பெட்டிலேர்ந்து போர்வெல்லு வரைக்கும் ஒண்ணுமில்ல. போரு பள்ளத்துல கீது, பெட்டி ரோட்டுமேல கீது. அத்தினி நீளத்தையும் உருவிகினு பூட்டானுங்க. கோஸு நாத்து நட்டு ஒரு வாரம்கூட ஆவல. இன்னிக்கி தண்ணி காட்டலன்னா நாளைக்கி ஒண்ணும் நிக்காது." சொல்லிக்கொண்டே போய் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தான். திம்மப்பன் அந்தச் சாக்கைத் தூக்கத்தான் வந்துகொண்டிருந்தான், அப்படியே நின்றுவிட்டான். "புது ஒயர் வாங்கறதுக்கு என்கிட்ட ஏது? பழசுல ஓடற கண்டிஷன்ல ஏதாச்சும் நல்லதா வெச்சிருந்தா குடு. என்னுது நல்ல ஒயருடா. போன வருசம் எலி கடிச்சி ஒரே ஒரு ஒட்டு போட்டேன். டியூப சுத்தி எம்சீல் வெச்சேன். மத்தபடி புதுசாட்டம் இருந்துது."

முனிவேலின் கண் குப்பைப் பக்கம் போனது. திம்மப்பன் அவன் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்தான்.

இப்போது சொல்லியிருக்கலாம். ஆஞ்சப்பன் இரண்டு திட்டுத் திட்டியிருப்பான், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் வாயைத் திறப்பதற்குள் மனசு ஆயிரம் கணக்குப் போட்டுவிடுகிறது. எனக்கு என்ன தெரியும், நானா போய் அறுத்தேன், நான் வாங்காவிட்டால் அடுத்த கடைக்காரன் வாங்கியிருப்பான். இதெல்லாம் நிஜம்தான். ஆஞ்சப்பன் உட்கார்ந்திருந்த சாக்குக்குள் இருப்பது அவனுடைய ஒயர் என்பதும் நிஜம். வெட்டாமல் வைத்திருந்தால் அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கலாம் என்ற நினைப்புதான் முனிவேலை ரொம்பவும் குடைந்தது.

"போலீஸ்ல சொன்னியா?" என்று கேட்டான். கேட்ட பிறகு தன் குரலைக் கேட்டு அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"அங்க போயி உக்காந்தா நாத்து எனக்காக காத்துகினு இருக்குமா? ஒயர பாருடா மொதல்ல."

கடைக்குப் பின்னால் முனிவேல் ஒரு நல்ல ஒயரைத் தனியாக எடுத்து வைத்திருந்தான். கம்பெனி ஏலத்தில் பில்லோடு வந்தது, ஒட்டில்லாத முழு நீளம். தேன்கனிக்கோட்டை மெக்கானிக் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டு வைத்திருந்தார். முனிவேல் அதை உருட்டிக்கொண்டு வந்து தன் மினி லாரியில் ஏற்றினான்.

"எவ்ளோடா இதுக்கு?"

"அப்பறம் பாத்துக்கலாம்."

"இல்லடா, வெலைய சொல்லு."

"அப்பறம்னு சொல்றேன் இல்ல."

ஆஞ்சப்பன் அவன் தோளைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "நீ இல்லாட்டி நான் என்னாடா பண்ணுவேன்," என்றான். செருப்பால் அடித்திருந்தால்கூட முனிவேல் தாங்கியிருப்பான்.

கூடவே வா என்று ஆஞ்சப்பன் கூப்பிட்டான். மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்காமல் முனிவேல் லாரியை எடுத்தான். சானமாவுக் காட்டோரத்தில் ஆஞ்சப்பனின் நிலம். வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்றுகள் எல்லாம் இலை சுருண்டு தரையோடு படுத்திருந்தன. ரங்கம்மா பக்கத்துத் தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு வந்து, ஒவ்வொரு செடிக்கும் கை அளவு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் கொஞ்சம்தான் ஈரமாகியிருந்தது.

"வாண்ணா," என்றாள். குடத்தை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பாத்தியாண்ணா, எங்க கெதிய."

முனிவேல் தலையை ஆட்டிவிட்டு ஒயரை இறக்குவதில் மும்முரமானான். மூன்று ஃபேஸ் கரண்ட் சாயங்காலத்துக்குமேல் இருக்காது. அதற்குள் ஒயரை இழுத்துப் போட வேண்டும். அவன் வெறி பிடித்தவன்போல் வேலை செய்தான். பள்ளத்தில் இறங்கி, முள்ளில் கிழித்துக்கொண்டு, ஒயரைத் தோளில் போட்டு இழுத்தான். நீ இருடா நான் பாத்துக்கறேன் என்று ஆஞ்சப்பன் சொல்லியும் கேட்கவில்லை. உடம்பு வலித்தால் உள்ளே குடைவது நின்றுவிடும் என்று நினைத்தான் போல. நிற்கவில்லை.

போர் வாயில் ஆஞ்சப்பன் ஒட்டுப்போட்டான். அதே மாதிரி டியூபைச் சுற்றி, அதே மாதிரி எம்சீலைக் குழைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். முனிவேல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மோட்டாரைப் பழுது பார்த்துத் திரும்ப ஓட்டும்போது அந்தப் பக்கத்தில் சும்மா ஓட்ட மாட்டார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கைராசி உள்ளவர் யாரோ அவர் கையால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். ரங்கம்மா தட்டோடு வந்தாள். பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். முனிவேலின் நெற்றியிலும் வைத்துவிட்டாள்.

"நீயே போடுண்ணா. உன் கை பட்டா அடுத்த வெள்ளாமை வரைக்கும் ஒரு கொறையும் வராது." கற்பூரத்தை ஏற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எடுத்தவன்கூட வயித்துக்கு இல்லாம எடுத்தான்னு வெச்சிக்கலாம். தெரிஞ்சே காசு குடுத்து வாங்கியிருப்பான் பாரு ஒருத்தன், அவன் கை வெளங்குமாண்ணா?"

முனிவேலின் விரல் பச்சைப் பட்டனுக்கு அருகில் போய்விட்டது. அழுத்தியிருந்தால் தண்ணீர் வந்திருக்கும். காப்பி கொடுத்திருப்பார்கள். பொங்கலுக்குப் புடவை எடுத்துக்கொண்டு வந்திருப்பான், செத்துப்போகிற வரைக்கும் அண்ணனாகவே இருந்திருப்பான். யாருக்கும் தெரிந்திருக்காது. திம்மப்பன் வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

கையைக் கீழே இறக்கினான்.

"நான்தாம்மா வாங்குனேன்," என்றான்.

ரங்கம்மா புரியாமல் பார்த்தாள்.

"காலைல ஒருத்தன் கொண்ணாந்தான். பாத்ததும் திருட்டு மாலுன்னு தெரிஞ்சிது. உங்க ஒயருன்னு சத்தியமா தெரியாது. ஒட்ட நான்தான் வெட்டி எறிஞ்சேன். ஆஞ்சப்பா, நீ உக்காந்திருந்தியே அந்தச் சாக்கு, அதுல இருந்தது உன் ஒயருதான்."

கற்பூரம் அணைந்தது. ஆஞ்சப்பன் அடிப்பான் என்று முனிவேல் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. ஆஞ்சப்பன் கையிலிருந்த எம்சீலை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"என்னா ரேட்டுக்கு எடுத்தே?"

நாளெல்லாம் ரேட் சொல்லியே பிழைக்கிறவனுக்கு அந்த ரேட்டைச் சொல்லக் கூசியது. "நூத்தி எண்பது," என்றான்.

"கிலோ நூத்தி எண்பது." ஆஞ்சப்பன் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "அப்போ இந்த ஒயருக்கும் அதே ரேட்டுதான். எடை உனக்குத் தெரிஞ்சிருக்கும். கோஸு வெட்டுனதும் கொண்ணாந்து குடுத்துடறேன்."

"வாணாம் ஆஞ்சப்பா. இது நான் குடுக்கறது."

"நீ குடுக்கறது எனக்கு வாணாம். நான் வாங்கிக்கறேன்."

ரங்கம்மா தட்டைக் கீழே வைத்தாள். முனிவேலைத் தாண்டிக் கையை நீட்டிப் பட்டனைத் தானே அழுத்தினாள். பள்ளத்தில் மோட்டார் உறுமியது. கொஞ்ச நேரத்தில் சொட்டுநீர்க் குழாய்கள் உப்பி, வரிசை வரிசையாக மண் கறுத்துக்கொண்டு வந்தது. நாற்றுகள் பிழைத்துவிடும். முனிவேலுக்கு அதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் லாரியைப் பார்த்து நடந்தான்.

ரங்கம்மா செடிகளுக்கு நடுவில் குனிந்து, அடைத்திருந்த ஒரு குழாயைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் லாரிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டும் நிமிரவில்லை. புருஷனிடம் மட்டும், சாதாரணமான குரலில் சொன்னாள்:

"கடைக்காரரு கெளம்பறாரு. போனதும் படல சாத்திடுங்க, மாடு உள்ள வந்துடும்."