கை இறங்கும் வரை

கொழும்பு கொட்டாஞ்சேனையின் அந்தப் பழைய மாதா கோயிலுக்குள் ஒரு தரம் கைதட்டினால், சத்தம் அடங்க ஏழு செக்கன் ஆகும். றேமண்ட் எண்ணிப் பார்த்தவன். கலியாணம், திருவிழா என்று இருபது வருடமாக ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு அந்த எதிரொலி ஜென்ம விரோதி. அவன் மனைவி நிரோஷாவுக்கோ அதுதான் உயிர். பெரிய வெள்ளிக்கிழமைகளில் மைக் இல்லாமலே மாதா புலம்பல் பாடுவாள். கூரையும் தன்னோடு சேர்ந்து பாடுகிறது என்பாள்.

இப்போது அவளுடைய கழுத்தில் புற்றுக்கட்டி, குரல் நரம்பையும் பிடித்திருந்தது. நரம்போடு சேர்த்துத்தான் வெட்ட வேண்டும், இனிப் பாட்டு இல்லை, பேச்சும் காற்றாகத்தான் வரும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். திங்கள் காலை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அழுது முடித்தபின் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்ர குரலைக் கோயிலுக்க வச்சு ஒருக்கா எடுத்துத் தாங்கோப்பா. பிறகு கேட்டுக்கொண்டாவது இருப்பன்."

ஞாயிறு மத்தியானம், பூசை முடிந்து சனம் போனபிறகு, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பேர்னாட் அண்ணன் கதவுகளை அடைத்தார், மின்விசிறிகளை நிறுத்தினார். றேமண்ட் மைக்கைப் பத்துத் தரமாவது நகர்த்தியிருப்பான். தூர வைத்தால் வசனம் எதிரொலியில் கரைந்துவிடும், கிட்ட வைத்தால் கோயிலே கேட்காது.

"பாட்டு முடிஞ்ச உடன ஒருத்தரும் மூச்சுக் காட்டக்கூடாது. சத்தம் அடங்கிற வரைக்கும் நான் கையைத் தூக்கி வச்சிருப்பன். கை இறங்கினாப் பிறகுதான் கதைக்கலாம்," என்றான்.

நிரோஷா பாடினாள். அடடா, அது என்ன பாட்டு! கழுத்தில் கட்டி இருப்பதையே குரல் மறந்துவிட்டது. பேர்னாட் அண்ணன் தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார். கடைசி வரி கூரைக்கு ஏறி அடங்கிக்கொண்டிருக்கும்போது, துறைமுகப் பக்கம் போன ஒரு லொறி ஹோர்ன் அடித்துவிட்டது.

"சனியன் பிடிச்ச லொறி!"

றேமண்ட் அந்தப் பதிவை அந்த இடத்திலேயே அழித்தான். கெட்டதை உடனே அழித்துவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பக்கூடாது. அது அவன் தொழில் பழக்கம். நல்ல பழக்கம்தான், நாசமாய்ப்போக.

"இன்னொருக்கா, நிரோ."

இரண்டாவதில் எதிரொலி அடங்குமுன் அடுத்த வரியைத் தொடங்கிவிட்டாள். அழித்தான். மூன்றாவதில் இருமல், நாலாவதில் காகம். அவையும் போயின.

"தம்பி, முதல் பாடினதே காணும், இனிப் போதும். பிள்ளை களைச்சுப் போச்சு," என்றார் பேர்னாட் அண்ணன்.

"அதில ஹோர்ன் விழுந்திட்டுது அண்ணே."

அட மடையா, அவள் கேட்டது குரலை அல்லவா?

ஐந்தாவதில் லொறி இல்லை, காகம் இல்லை. குரலும் இல்லை. ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் தேய்ந்து இறங்கியது. அவனோ ஏழு செக்கனும் கையைத் தூக்கி வைத்திருந்து, "சுத்தமா வந்திட்டுது!" என்று சிரித்தான். அவள் பிளாஸ்க்கில் இருந்த சுடுதண்ணீரைக் குடித்தபடி தலையை ஆட்டினாள்.

அவள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த நாட்களில்தான் வீட்டில் தனியே அதைப் போட்டுக் கேட்டான். குரல் தேய்ந்த இடம் அப்போதுதான் அவன் காதில் விழுந்தது. மெமரி கார்டைத் தூக்கிக்கொண்டு பம்பலப்பிட்டிக் கம்பியூட்டர் கடைகளுக்கு ஓடினான். அழித்த இடத்தின் மேலேயே மற்றப் பதிவுகள் ஏறிவிட்டன என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

பத்தாம் நாள் நிரோஷா கழுத்தில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் எழுதிக் காட்டினாள்.

"முதலாவதைப் போடுங்கோ. அதிலதான் நல்லாப் பாடினனான்."

றேமண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது இல்லை நிரோ. லொறி ஹோர்ன் கேட்டதால அழிச்சுப்போட்டன்."

அவள் போனை எடுத்து எழுதினாள்.

"எனக்கு ஹோர்ன் கேக்கவே இல்லையே."

ஐந்தாவதை அவளே தட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டாள். தேய்ந்த இடம் வந்தபோது உதடு துடித்தது. பாட்டு முடிந்தது. றேமண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைத் தூக்கினாள், அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

ஏழு செக்கன் கழித்து அந்தக் கை மெல்ல இறங்கியது. இனிக் கதைக்கலாம்.