கம்பத்தடியில் சித்தி மரியம்

சிலாவத்துறைக் கரையில் கதிர்வீச்சை அளக்கும் கம்பம் அன்று காலை எச்சரிக்கை காட்டியதும், இந்தியாவில் அணு உலை வெடித்துவிட்டதாம் என்று கதை பரவிவிட்டது. கதைக்குக் கால் முளைக்க நம் ஊரில் நேரமா எடுக்கும்? மீன் வாங்க வந்த சரிபுதீன் லொறிக் கதவை அடித்துச் சாத்தினார். பிடித்த மீனெல்லாம் வெயிலில் கிடந்தது.

கையில் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு ஓடிவந்த அதிகாரி கிருசாந்தினி பதறவில்லை.

"மற்றக் கம்பமெல்லாம் சரியாத்தான் காட்டுது. அக்கரையில ஒண்டும் நடக்கேல்லை. இந்தக் கம்பத்துக்குக் கிட்டத்தான் ஏதோ இருக்கு. ஆராவது ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு மருந்து குடிச்சனீங்களோ?"

கம்பத்தடியில் இருந்த சித்தி மரியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குக் கழுத்துச் சுரப்பியில் புற்று. கொழும்பு ஆஸ்பத்திரியில் அந்த மருந்துக் குளிசையை விழுங்கிவிட்டு, தங்கை வீட்டுக்குப் போனதாக ஊரில் சொல்லியிருந்தாள். ஆட்களுக்குக் கிட்டப் போகாதீங்கோ என்று டொக்டர் சொன்னதால்தான் விடிந்ததிலிருந்து கம்பத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வருகிற வெள்ளி மகள் ஷிஹானாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் வாப்பா இந்தச் சரிபுதீன்தான். விஷயம் தெரிந்தால் கலியாணம் நின்றுவிடும் என்று பயந்துதான் அத்தனை நாளும் மறைத்தாள்.

வாயை மூடிக்கொண்டு நழுவியிருக்கலாம். ஆனால் கரையில் அத்தனை வீட்டு உழைப்பும் நாறப்போகிறதே! எழுந்துவிட்டாள். என்ன நெஞ்சுரம் அந்தப் பெண்ணுக்கு!

"நான் குடிச்சனான், மகள். எனக்குப் புற்று."

கூட்டம் பின்வாங்கியது. அவள் மணலில் தூரமாக நடந்தாள். கிருசாந்தினியின் கருவியில் இலக்கம் இறங்கியது. திரும்பி வந்தாள், ஏறியது. அந்தக் கம்பத்தையும் சும்மா சொல்லக்கூடாது, ஒரு குளிசையைக்கூட விட்டுவைக்கவில்லை. கிருசாந்தினி மீன் குவியலுக்கு மேலே கருவியைப் பிடித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா, சரிபுதீன் நானா? மீன் சுத்தம். என்னிலதான் இருக்கு," என்றாள் மரியம்.

சரிபுதீன் லொறியைத் திறந்து மீனை ஏற்றச் சொன்னார். பிறகு அவளை நோக்கி வந்து, சற்றுத் தள்ளி நின்றார்.

"கலியாணத்தைத் தள்ளி வைக்கோணும்."

அவள் போகத் திரும்பினாள். அவர் விடவில்லை.

"எவ்வளவு நாளைக்கு ஆக்களுக்குக் கிட்டப் போகக்கூடாதாம்?"

"இன்னும் ரெண்டு கிழமை. பதினாலு நாள்."

"அது முடியட்டும். பெத்த உம்மா மகளைக் கட்டிப்பிடிக்க ஏலாத கலியாணம் என்னத்துக்கு, தங்கச்சி?"