ஸ்பிரிங்குக்குள் நான்கு துண்டுகள்

வெள்ளிக்கிழமை மாமியார் டயாலிசிஸுக்கு வரவில்லை. திங்களன்றும் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார்.

"அந்த வண்டியில குலுங்கிச் சாகறதுக்கு வீட்லயே சாகறேன்" என்றாராம்.

வாரத்தில் மூன்று நாள் கோக்கந்து நகர ஆஸ்பத்திரிக்கு அவரை நான்தான் ஓட்டிச் செல்கிறேன். அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். உயிருக்கே ஆபத்து என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் வாங்கிக்கொண்டு மாமியார் வீட்டு முற்றத்துக்குள் நெக்ஸியா காரை ஓட்டி வந்தேன். என் கணவர் ஷோகிர் ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறார். போவதற்கு முன் அவரோடு சேர்ந்து இந்த வண்டியை நிறையக் கழற்றியிருக்கிறேன்.

கொழுந்தன் குத்ரத் அப்போதுதான் எழுந்திருந்தான். டயாலிசிஸ் இல்லாத நாள்களில் வண்டி அவனிடம் இருக்கும். சந்தைக்கு வெங்காயம் ஏற்றுவான். அவன் வந்து டிக்கியை ஓர் அழுத்து அழுத்தினான். வண்டி அசையவில்லை.

"பாத்தீங்களா, கல்லு மாதிரி நிக்குது. ரோடுதான் மோசம் அண்ணி."

"அதான் உங்கம்மாவும் கல்லு மேல உட்கார்ற மாதிரி இருக்குங்கறாங்க. ஜாக்கியைப் பிடி."

டிக்கியில் வண்டி ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் பாதி இடத்தை அடைத்திருந்தது. அதன் பின்னால் கையை நுழைத்து ஷாக்கின் மேல் நட்டுகளைக் கழற்றினேன். முழங்கை உரிந்தது. பழைய ஷாக் எண்ணெய் கசிந்து கறுத்திருந்தது. தண்டை அழுத்தினேன். உள்ளே போனது திரும்பி வரவில்லை.

அச்சை ஜாக்கியில் மெல்ல இறக்கி ஸ்பிரிங்கை உருவினேன். சுருளுக்குள் இரண்டு ரப்பர் துண்டுகள் இறுக்கமாகச் செருகியிருந்தன. லாரி டயரில் வெட்டியவை. அடுத்த பக்கத்திலும் இரண்டு.

"இது என்ன?"

"எது?"

"என் கையில இருக்கறது."

"ரப்பர்."

"வெங்காயத்துக்கா?"

"கேரட்டும் ஏத்துவேன்."

"எத்தனை மூட்டை?"

"கொஞ்சந்தான்."

"குத்ரத்."

"பதினாலு. பின்னாடி ரொம்ப இறங்கிச்சு அண்ணி, டயர் உரசுச்சு. ஸ்பிரிங் அமுங்காம இருக்க இதைச் செருகினேன். எடுத்துடலாம்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்."

"ஆறு வாரமா? உங்கம்மா முதுகு வலின்னு சொல்ல ஆரம்பிச்சதும் அப்பத்துலேர்ந்துதான்."

அவன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

புதியவற்றைப் பொருத்தினேன். பின்சக்கரங்களைத் தடித்த பலகைகள் மேல் இறக்கினேன்.

"உள்ள போ. அம்மா உட்கார்ற இடத்துல உட்காரு."

"எதுக்கு?"

"கனம் வேணும். சக்கரம் தொங்கும்போது கடைசி போல்ட்டை முறுக்கினா உள்ள இருக்கற ரப்பர் புஷ் கிழிஞ்சுடும். நீ வேற எதுக்கும் உதவல, இதுக்காவது உதவு."

அவன் உட்கார்ந்தான். நான் அடியில் படுத்து முறுக்கினேன். மேலேயிருந்து அவன் குரல் வந்தது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க அண்ணி."

"சொல்லுவேன்."

கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போனேன். மாமியார் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான்கு துண்டுகளையும் சாப்பாட்டு விரிப்பின் மேல் போட்டேன்.

"உங்க பையன் செஞ்ச வேலை. இதுதான் உங்க முதுகை ஒடிச்சுது."

அவர் துண்டுகளைத் தள்ளி ரொட்டியை எடுத்துவைத்தார்.

"தெரியும். டயர் வெட்டக் கத்தி தேடினான். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."



"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா நீ வண்டி குடுக்க மாட்ட."

"மாட்டேன்தான்."

"அதான் சொல்லல."

"ஒவ்வொரு பள்ளத்துக்கும் மன்னிச்சுக்கோங்க அத்தைன்னு சொல்லிக்கிட்டே ஓட்டினேன். ஆறு வாரம். ரோடே நான் போட்ட மாதிரி."

"சொன்ன."

"கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க."

"முனாவ்வர், அவன் கடைசிப் பையன். இந்த வீட்டோட கிடக்கப்போறவன். ஷோகிருக்கு நீ இருக்க. இவனுக்கு யாரு?"

"அதுக்காக டயாலிசிஸை நிறுத்திச் சாகறதா?"

அவர் வீங்கிய கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வண்டியில நீங்க இல்லேன்னா வண்டிய வித்துடுவேன்" என்றேன். "அப்புறம் அவன் வெங்காயத்தைத் தலையில சுமக்கட்டும். கத்தி குடுத்த மாதிரி சும்மாடும் சுத்திக் குடுங்க."

வெளியே வந்தேன். குத்ரத் இன்னும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"இறங்கலாமா அண்ணி?"

"சாவியைக் குடுத்துட்டு இறங்கு."

திங்கட்கிழமை காலை நான் போனபோது மாமியார் தலையணையை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். ஹாரன் அடிக்க வேண்டியிருக்கவில்லை. ஏறினார். தலையணையை முதுகுக்கு வைத்தார்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பெரிய பள்ளம். வேகத்தைக் குறைத்தேன். வண்டி ஒரே ஒரு முறை மெத்தென்று அமிழ்ந்து எழுந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு எட்டு மூட்டை ஏத்தலாமா?"

"நாலு."

"நாலு அவனுக்குப் பத்தாதுடி."

"நாலு" என்றேன்.