மேட்டில் பிடித்த வீடு

இடம் பார்ப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாளத்தில் என் வேலையே அதுதான். படை ஓரிடத்துக்கு நகர்கிறது என்றால் எங்கள் சின்னக் கூட்டம் முந்திப் போய்விடும். தண்ணீர் எங்கே, மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடும், கூடாரம் எங்கே, காவலுக்கு ஆள் எங்கே நிற்பது, அவசரம் என்றால் எப்படி வெளியேறுவது, எல்லாம் பார்த்து முளை அடித்து வைப்போம். நான் அடித்த முளையை எந்த ஆபீசரும் பிடுங்கச் சொன்னதில்லை. அதனால் ஓய்வு பெற்று வந்ததும் மனைவியிடம் சொல்லிவிட்டேன், "வீடு விஷயத்தை என்கிட்ட விட்டுடு."

அவள் "ம்" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் சர்வீஸில் இருந்த காலமெல்லாம் அவள் ஒரு சந்துக்குள், இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தாள். முன்னறையில் தையல் மெஷின். மகளை வளர்த்தது, படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அந்த மெஷினை மிதித்துத்தான். எனக்கு அந்தச் சந்தே பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் நம் வீட்டுத் தட்டு அதிரும். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற பழக்கம் கிடையாது. எவளாவது ஒருத்தி உள்ளே வந்து, சமையலறை வரைக்கும் போய், தானே டீ போட்டுக் குடித்துவிட்டுப் போவாள். அதில் ஒருத்தி மனைவிக்குக் கூட்டாளி. தைத்த சட்டைக்கெல்லாம் பொத்தான் வைத்துக் கொடுப்பவள். சந்தில் எல்லோருக்கும் அவள் பொத்தான் அக்கா. என்னைவிட வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரிசு.

"அண்ணே, எப்ப டூட்டிக்குத் திரும்பறீங்க?" என்று கேட்பாள்.

"ரிட்டையர் ஆயாச்சும்மா."

"அது தெரியும். எப்ப திரும்பறீங்கன்னு கேட்டேன்."

மனைவி குனிந்து ஊசியில் நூல் கோர்ப்பாள். சிரிக்கிறாளா என்று தெரியாது.

நான் சும்மா இருக்கவில்லை. முன்னறையில் வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வருகிறவர்களை யார், எங்கிருந்து, என்ன வேலை என்று கேட்டு உள்ளே விட்டேன். கண்டவரும் நுழைகிற வீட்டில் இந்தக் காவல்கூட இல்லாவிட்டால் எப்படி. புதிதாக ஒருத்தி, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளாம், பெரிய பையோடு வந்தாள். திறந்து காட்டச் சொன்னேன். தயங்கினாள். தயங்குகிற ஆளை விடக்கூடாது என்பது எங்களுக்குப் பாடம். பையை வாங்கி மேஜைமேல் கவிழ்த்தேன். வெறும் துணிதான். "சரி, போ" என்றேன். அதற்கப்புறம் கூட்டம் குறைந்தது. மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுத் தரகரை நான் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே பேசுகிறவனை நான் நம்புவதே இல்லை. அவர் காட்டிய வீட்டுச் சுவரையெல்லாம் தட்டினேன். சாக்கடையில் வாளித் தண்ணீரை ஊற்றி, அது போகிற வழியே பின்னால் நடந்தேன். மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்தேன்.

"ஐயா, எத்தனையோ பேருக்கு வீடு காட்டியிருக்கேன். வீட்டை மோந்து பாக்கறவரை இப்பத்தான் பாக்கறேன்."

"ஈரம் இருந்தா வாசம் வரும்."

"என்னையும் மோந்துட்டீங்களா?"

"உன்னைத் தூரத்துல பாத்தாலே போதும்."

மனுஷனுக்குக் கோபமே வரவில்லை. அதனால் இன்னும் சந்தேகம் கூடியது. ஆனால் கடைசியில் அவர்தான் அந்த வீட்டைக் காட்டினார். ஊர் முடிந்து, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், மேட்டின்மேல் தனி வீடு. சுற்றி மதில், பின்னால் பாறை, ஒரே வாசல். மாடி ஜன்னலில் நின்றால் சாலை முழுக்க உள்ளங்கை மாதிரி தெரிந்தது. பார்த்த நிமிஷமே மனதுக்குள் முளை அடித்துவிட்டேன். வாடகைக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. மனைவியைக் கேட்கவில்லை. கூடாரம் எங்கே அடிப்பது என்று சமையல்காரனை யார் கேட்கிறார்கள்.

மருமகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விடுமுறை நாளில் அந்த வேனில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். பொத்தான் அக்கா வராவிட்டால் தானும் வரவில்லை என்று மனைவி சொன்னதால் அவளும் ஏறிக்கொண்டாள். வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு மாடி ஜன்னலருகே எல்லோரையும் நிறுத்தி விளக்கினேன்.

"பின்னாடி பாறை, ஒருத்தனும் ஏற முடியாது. வாசல் ஒண்ணுதான். இங்க நின்னா அரை மைல் தூரத்துலயே வர்ற ஆளு தெரிஞ்சுடுவான்."

"யாரு வரணும்?" என்றாள் மனைவி.

"எதிரிப் படைதான் அத்தை" என்றார் மருமகன். மகள் அவரை முழங்கையால் இடித்தாள்.

பொத்தான் அக்கா வெளியே எட்டிப் பார்த்தாள். "பக்கத்து வீடு எங்கண்ணே?"

"கிடையாது. அதுதான் இதுல விசேஷமே."

"சக்கரை தீந்து போனா?"

"முன்கூட்டியே வாங்கி வெச்சுக்கணும்."

"உடம்பு முடியாமப் போனா?"

"அதான் நான் இருக்கேனே."

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"ரோடு நல்லாத்தான் தெரியுது" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "ஆனா ரோட்டைப் பாத்து நின்னதெல்லாம் போதும்ங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தான் செஞ்சேன். இனிமே என்னால முடியாது."

"பின்னே அந்தச் சந்துலயே கிடக்கணுமா? எவ எவளோ வர்றா, போறா."

"இப்ப எங்க வர்றாங்க" என்றாள் பொத்தான் அக்கா.

"அக்கா, விடுங்க" என்றாள் மகள்.

"எதை விடறது? அந்த மருந்துக்கடைப் பொண்ணோட உள்துணியை மேஜையில கொட்டி, நாலு பேர் பாக்க ஒண்ணொண்ணா உதறினாரே, அதையா? புதுசு வாங்க வழியில்லாம, கிழிஞ்சதை ஒட்டுப் போட்டுக்கலாம்னு அடியில சுருட்டி வெச்சுக் கொண்டாந்தா. சந்து முனைவரைக்கும் அழுதுகிட்டே போனா. அன்னிலேர்ந்து யாரு வர்றா உங்க வீட்டுக்கு? உங்க பொண்டாட்டி தினமும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்து கையாலயே தைக்கிறா. நீங்க அவ கடைக்குப் போயிருக்கான்னு நாற்காலியில உக்காந்திருக்கீங்க."

காது ரெண்டும் பழுத்துவிட்டது எனக்கு. யோசித்துப் பார்த்தேன். துணி நினைவுக்கு வந்தது. வெளுத்து, நைந்து, ஓரம் பிரிந்த துணி. அவள் முகம் நினைவுக்கு வரவில்லை. எத்தனையோ பைகளைக் கவிழ்த்திருக்கிறேன். பைக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகத்தை நான் பார்த்ததே இல்லை. மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிண்டலடித்திருந்தால் தேவலை.

அப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கலாம். எனக்கு வந்தது வேறு. "காவல்னா அப்படித்தான்" என்றேன்.

மனைவி திரும்பினாள். "சரிங்க. நீங்க இங்கயே இருங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கறேன். இவ்வளவு வருஷம் நீங்க லீவுல வந்தீங்க. இப்ப நான் வர்றேன்." கோபமே இல்லை. துணிக்கு அளவு சொல்கிற குரலில் சொன்னாள்.

வீம்புக்குக் குடி போனேன். ஒரு கட்டில், ஒரு இரும்புப் பெட்டி, ஒரு ஸ்டவ். ஜன்னலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தேன். பால்காரன் வந்தான். ஒருநாள் ஒரு நாய் வந்தது. அதையும் அரை மைலிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வந்தாள். சாப்பாட்டை எடுத்து வைத்தாள். "தூக்கம் வருதா? தண்ணி ஒழுங்கா ஏறுதா?" என்று விசாரித்தாள். கட்டில் விளிம்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் புதிதாகப் போட்ட மோட்டாரைக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்றாள். கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

அந்த "நல்லா இருக்கு" யாருடையது என்று எனக்குத் தெரியும். லீவில் வரும்போதெல்லாம் அவள் புதுத் திரைச்சீலையைக் காட்டுவாள், மகள் வரைந்த படத்தைக் காட்டுவாள். நான் பெட்டியைக்கூடத் திறக்காமல், திரும்புகிற ரயிலை நினைத்துக்கொண்டே இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் அப்போது கூசியிருப்பாள். என்னிடம் சொன்னதில்லை.

போன ஞாயிறு அவளை பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்தேன்.

"நான் அங்க வந்தா," என்றேன், "எங்க உக்காரட்டும்?"

"முன்னறையில முடியாது" என்றாள். "அங்க சந்துப் பொம்பளைங்க மறுபடி வரணும்."

"பின்னறை போதும்."

"நான் மட்டும் சொல்ல முடியாதுங்க. அவங்களைக் கேக்கணும்."

"கேளு."

"வேணாம்னு சொன்னாலும் சொல்வாங்க."

"கேட்டுட்டுச் சொல்லு."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததுமே பக்கத்தில் இருந்த பெண்ணோடு அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆபீசர் அறை வாசலில் லீவு கேட்டு நின்றவனுக்குத் தெரியும், "பார்க்கலாம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி நாளைத் தள்ளுவது என்று. அப்படித்தான் மேடேறி வந்தேன்.

இன்றைக்குப் போன் செய்தாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, பெண்கள் சிரிக்கிறதும் கேட்டது.

"வரட்டும்னு சொல்றாங்க. பின்னறை. பகல்ல முன்பக்கம் வரக்கூடாது. ஒருத்தி மட்டும் இன்னும் சரின்னு சொல்லல."

யார் என்று நான் கேட்கவில்லை.

"அவளை நானே வந்து பாத்து, மன்னிச்சுக்கம்மான்னு கேக்கட்டுமா?"

"வேணாம். உங்க முகத்தைப் பாக்கணுமேன்னுதான் அவ யோசிக்கிறா. அவளுக்குத் தானா மனசு வரட்டும்."

"எவ்வளவு நாளாகும்?"

"எனக்கென்ன தெரியும். அவளைத்தான் கேக்கணும், அவளைக் கேக்கவும் எனக்குக் கூச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தரகர் வந்து, வீட்டை வைத்துக்கொள்கிறீர்களா இல்லையா, வேறு ஆள் கேட்கிறான் என்றார். அந்தப் பெண் சரி என்று சொன்னால் காலி செய்கிறேன் என்றேன்.

"எந்தப் பொண்ணு ஐயா?"

பேர் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.